மேற்படிப்புச் சேர்க்கை: எழுதப்படாத விதிகளை முதலில் எழுதி வையுங்கள்

கேள்வி இதுதான்: மாஸ்டர்ஸ், பிஎச்டி சேர்க்கையை எப்படி இன்னும் நியாயமாக, விண்ணப்பிப்பவருக்குப் புரியும்படியாக மாற்றலாம்? அமெரிக்க மேற்படிப்புக்குப் பல துறைகள் கேட்டுவந்த பொதுத் தேர்வான ஜிஆர்இயை நீக்கிவிட்டால் போதுமா?

போதாது. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது இந்தப் பிரச்சினையில் வெளியே தெரிகிற ஒரு பகுதி மட்டுமே. சேர்க்கைக் கோப்புகளைப் படிக்கும் குழுவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான அநியாயம், விண்ணப்பம் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. எதைப் பார்த்து எடுக்கிறார்கள், யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்தக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு என்பதெல்லாம் சிலருக்கு வீட்டிலோ கல்லூரியிலோ காதில் விழுந்துவிடும். மற்றவர்களுக்கு விழாது. இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. மீதி அநியாயம் குழுவின் அறைக்குள் நடக்கிறது. அதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதேதான். யாரைத் தேடுகிறோம் என்று எழுதிக்கொள்ளாமலே கோப்பைத் திறக்கிறார்கள்.

முதலில் வெளியே நடப்பதைப் பார்ப்போம். விண்ணப்பிக்கும் முன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா? எல்லா மாணவரும் கேட்கிற கேள்வி இது. பதில் துறைக்குத் துறை மாறும். கனடாவிலும் பிரிட்டனிலும் பல துறைகளில், மேற்பார்வையாளர் ஒருவர் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகரவே நகராது. அமெரிக்காவில் உயிரியல் பிஎச்டி பலவற்றில் குழுதான் மாணவரை எடுக்கும். முதல் ஆண்டில் சில ஆய்வகங்களில் மாறி மாறி வேலை பார்த்த பிறகே வழிகாட்டி முடிவாகும். அங்கே முன்கூட்டி எழுதிப் பெரிய பயன் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறை ஒன்றில், ஆராய்ச்சி நிதி வைத்திருக்கும் பேராசிரியர் கை காட்டினால்தான் இடம் என்று இருக்கும். துறையின் இணையதளமோ "விரும்பினால் பேராசிரியர்களைத் தொடர்பு கொள்ளலாம்" என்று மழுப்பும். உள்விவரம் தெரிந்தவர் அக்டோபரிலேயே எழுதிவிடுவார். தெரியாதவர் "தொந்தரவு செய்யக் கூடாது" என்று மரியாதையோடு ஒதுங்கி நிற்பார். அந்த மரியாதைக்கு அவர் கொடுக்கும் விலை ஓர் இடம்.

பணத்திலும் இதே கதைதான். அமெரிக்க பிஎச்டியில், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், கல்விக் கட்டணத்தைத் துறையே ஏற்றுக்கொண்டு உதவித்தொகையும் தருவது வழக்கம். இளநிலைப் பட்டத்தோடு நேராக பிஎச்டிக்கு விண்ணப்பிக்கவும் முடியும். மாஸ்டர்ஸ் பெரும்பாலும் சொந்தச் செலவு. ஆராய்ச்சிதான் ஆசை என்று இருக்கிற ஒருவர், இது தெரியாமல் கடன் வாங்கி மாஸ்டர்ஸ் சேருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நிலைமை வேறு. அங்கே பிஎச்டிக்கு மாஸ்டர்ஸ் கேட்பார்கள்.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் பிஎச்டி என்பது பெரும்பாலும் சம்பளம் வாங்கும் வேலை. இடம் இருந்தால் வேலை விளம்பரம் போலவே வெளியிடுவார்கள். என்ன ஆராய்ச்சி, என்ன தகுதி, எதை வைத்துத் தேர்வு, எத்தனை ஆண்டு, யாரிடம் விசாரிக்கலாம், கடைசி நாள் எது, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அங்கே பாரபட்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விதி என்னவென்று தெரியாமல் யாரும் தோற்க வேண்டியதில்லை.

எந்த நாட்டில் இருந்தாலும், ஒவ்வொரு துறையும் இப்படி ஒரு பக்கம் எழுதி வெளியிட்டால் பாதிக் குழப்பம் தீரும். போன ஆண்டு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தோம், அதில் எத்தனை பேருக்கு நிதி கிடைத்தது, முடிவு குழுவுடையதா தனிப் பேராசிரியருடையதா, மின்னஞ்சல் அனுப்பினால் பயன் உண்டா, இந்த ஆண்டு மாணவர் எடுக்காத பேராசிரியர்கள் யார். கடைசி விவரம் மிக முக்கியம். ஓய்வுபெறப் போகிறவரை, நீண்ட விடுப்பில் போகிறவரை நம்பி விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இது செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன் பிஎச்டி படிப்புகளின் சேர்க்கை எண்ணிக்கையையும் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பதையும் துறைவாரியாகப் பல ஆண்டுகளாக வெளியிடுகிறது.

சரி, இப்போது குழுவின் அறைக்குள் போவோம். ஒரு துறைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும். படிப்பவர்கள் பாடமும் ஆராய்ச்சியும் பார்த்துக்கொண்டே இரவில் உட்கார்ந்து படிக்கும் ஆசிரியர்கள். முதல் சுற்றில் ஒரு கோப்புக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த அவசரத்தில் கண் எங்கே போகும்? கல்லூரியின் பெயர், மதிப்பெண், பரிந்துரை எழுதியவர் யார். மூன்றுமே சட்டென்று கண்ணில் படுபவை. மூன்றுமே மாணவர் எங்கே பிறந்தார், எங்கே படிக்க முடிந்தது என்பதோடு ஒட்டிக்கொண்டிருப்பவை.

இதற்கு மருந்து கோப்பைத் திறக்கும் முன்பே எழுதிக்கொள்ளும் அளவுகோல். ஆங்கிலத்தில் ரூப்ரிக் என்பார்கள். எழுதினேன் என்று பெயருக்கு எழுதினால் பயன் இல்லை. "ஆராய்ச்சித் திறன்: ஒன்று முதல் ஐந்து வரை" என்று போட்டுவிட்டால், ஆளாளுக்கு மனம் போன எண்ணைப் போடுவார்கள். ஒவ்வொரு படியும் என்ன என்று சொல்ல வேண்டும். உதாரணமாக: முதல் படி, சொன்ன வேலையைச் செய்தார். நடுப்படி, தான் செய்ததையும் ஏன் செய்தோம் என்பதையும் தெளிவாக விளக்குகிறார். உச்சப் படி, வேலை தடைப்பட்டபோது காரணத்தைத் தானே தேடி அடுத்த அடியைத் தீர்மானித்தார். இப்படி இருந்தால் பெரிய ஆய்வகத்தில் கோடைக்காலப் பயிற்சி செய்தவரும், கல்லூரியின் சின்னச் சோதனைக்கூடத்தில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்தவரும் ஒரே கோட்டில் நிற்க முடியும்.

நோக்க அறிக்கையில், அதாவது எஸ்ஓபியில், இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியல் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் அறிக்கை எனக்கு எதையும் சொல்வதில்லை. "வெப்பம் கூடக்கூட சென்சார் காட்டும் அளவு நகர்ந்தது, முதலில் சென்சாரைச் சந்தேகித்தேன், மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை, கடைசியில் சர்க்யூட்டுக்கு வரும் ஒப்பீட்டு வோல்டேஜே வெப்பத்தில் மாறுவது தெரிந்தது" என்று ஒரு பத்தி இருந்தால், அந்த மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடும். இதில் வேதனை என்னவென்றால், முதல் வகையில் எழுதுகிறவரிடமும் இரண்டாவது வகைக் கதை இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "உங்கள் நோக்கத்தை இரண்டு பக்கங்களில் எழுதுக" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதை விட்டு, "ஒரு வேலை எதிர்பார்த்தபடி நடக்காதபோது என்ன செய்தீர்கள்? இங்கே எந்தக் கேள்வியை ஆராய விரும்புகிறீர்கள், ஏன்?" என்று நேராகக் கேட்டால், தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடைவெளி உடனே குறையும். துறைக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

ஒவ்வொரு கோப்பையும் இருவர் தனித்தனியாகப் படித்து, பேசுவதற்கு முன் மதிப்பெண் போட்டுவிட வேண்டும். மூத்தவர் முதலில் வாயைத் திறந்தால் இளையவர்கள் தலையாட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். "பொருத்தம்" என்ற காரணத்தைச் சொல்லி ஒருவரைத் தள்ளுவதையும் கட்டுப்படுத்த வேண்டும். பிடிக்காத காரணங்கள் எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். "இவருடைய ஆர்வத்துக்கு வழிகாட்டக்கூடியவர்கள் குறைந்தது இரண்டு பேர் நம்மிடம் இருக்கிறார்களா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். அப்போது ஒளிய இடம் இருக்காது.

இனி ஜிஆர்இ. 2016-ல் அமெரிக்க வானியல் கழகம், பாடத் தேர்வான இயற்பியல் ஜிஆர்இயைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று துறைகளுக்குப் பரிந்துரைத்தது. பிறகு உயிரியல் துறைகள் பலவும் பொது ஜிஆர்இயைக் கைவிட்டன. 2020-ல் பெருந்தொற்றால் தேர்வு மையங்கள் மூடப்பட்டதும் வேறு பல துறைகளும் பின்தொடர்ந்தன. தேர்வுக் கட்டணமே 200 டாலருக்கு மேல். வருமானம் குறைந்த நாடுகளில் இருந்து எழுதுகிறவருக்கு அது பெருந்தொகை. இந்த மதிப்பெண் முதலாண்டுப் பாட மதிப்பெண்களை ஓரளவு முன்சொல்லும். பிஎச்டியை முடிப்பாரா, நல்ல ஆராய்ச்சி செய்வாரா என்பதைச் சொல்வதில் அது பலவீனம். "இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் கோப்பைத் திறக்காதே" என்று வெட்டுவது, தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே கூடாது என்று சொல்கிற பழக்கம்.

ஆனாலும் ஜிஆர்இயை நீக்கியதும் நியாயம் வந்துவிட்டது என்று நான் கொண்டாட மாட்டேன். எண் போனால் அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயரும் பரிந்துரைக் கடிதமும் வந்து உட்கார்ந்தால், பெயர் தெரியாத கல்லூரியில் படித்த கெட்டிக்கார மாணவருக்கு இருந்த ஒரே பொதுவான சான்றும் போய்விட்டது என்று பொருள். எனவே நீக்குவதாக இருந்தால் அளவுகோலை எழுதிவிட்டு நீக்குங்கள். எனக்குச் சற்றும் பிடிக்காதது "விருப்பம் இருந்தால் அனுப்பலாம்" என்ற நிலை. அனுப்பாதவரைக் குழு சந்தேகப்படுமா என்று தெரியாமல் மாணவர் தவிப்பார். வசதி உள்ளவர் எப்படியும் எழுதி அனுப்புவார். வேண்டும் என்றால் வேண்டும், பார்க்க மாட்டோம் என்றால் அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்தான் என் கணக்கில் இந்த முறையின் மிக நோயுற்ற உறுப்பு. சின்ன வகுப்பில் படித்தவரைப் பேராசிரியருக்கு நேரில் தெரியும். நூறு பேர் உட்காரும் வகுப்பில் படித்தவரைத் தெரியாது. தெரியாதவர் எழுதும் கடிதம் "இவர் என் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றார், ஒழுக்கமானவர்" என்பதோடு நின்றுவிடும். எத்தனையோ கல்லூரிகளில் "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பதும் நடக்கிறது. இருபது வயது மாணவர் தன்னைத் தானே புகழ்ந்து, ஒரு பேராசிரியரின் குரலில் எழுத வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம் நாடுகளுக்கு இடையே நடை வித்தியாசம். அமெரிக்கக் கடிதத்தில் "என் பணிக்காலத்தில் கண்ட சிறந்த மூவரில் ஒருவர்" என்பது சாதாரணம். வேறு பல நாடுகளில் "நம்பத் தகுந்தவர், கவனமாக வேலை செய்பவர்" என்பதே உச்சப் பாராட்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் குழுவுக்கு இரண்டாவது கடிதம் தயக்கமாகத் தெரியும்.

கடிதங்களில் பாலினப் பாகுபாடும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்குத் தேர்வானவர்களுக்காக எழுதப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை அலசிய ஆய்வு 2003-ல் வந்தது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குட்டையாக இருந்தன. சந்தேகத்தைக் கிளப்பும் சொற்றொடர்கள் அவற்றில் அதிகம். எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பெண்களை ஆதரித்தவர்கள்தான். கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கும் என்பதால்தான் நல்ல எண்ணத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கடிதத்தை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெற்றுக் கடிதத்துக்குப் பதிலாக நான்கைந்து கேள்விகள் உள்ள படிவம் அனுப்புங்கள்: எத்தனை மாதம் எந்த வேலையில் இவரைப் பார்த்தீர்கள்? இவர் தானாகவே கண்டுபிடித்த அல்லது திருத்திய ஒன்றைச் சொல்லுங்கள். எங்கே இன்னும் வளர வேண்டும்? எழுதுபவருக்கும் இது சுலபம். அப்புறம், முதல் சுற்றில் தேறியவர்களுக்கு மட்டும் கடிதம் கேளுங்கள். பத்து இடத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் மூன்று பேராசிரியர்களிடம் மொத்தம் முப்பது முறை கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதில் பல, யாரும் கவனித்துப் படிக்காமலே போகும்.

நேர்காணலைப் பற்றிச் சொல்ல ஒரு பழைய சம்பவம் போதும். 1979-ல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தன் 150 இடங்களை நிரப்பி முடித்த பிறகு, மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரை எடுக்கச் சொன்னது. நேர்காணல் உட்பட எல்லாம் முடிந்து முதலில் தள்ளப்பட்டவர்களில் இருந்துதான் அந்த 50 பேரை எடுத்தார்கள். பின்னர் ஒப்பிட்டபோது, படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் இரு குழுக்களுக்கும் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அவற்றை முன்னாலேயே அனுப்பி, பதிலுக்கு அப்போதே மதிப்பெண் போட்டால் நேர்காணலுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. அரை மணி நேரம் பேசிவிட்டு "ஆள் பரவாயில்லை" என்று சொல்வது தேர்வு ஆகாது.

அப்படியானால் மனிதர்களை விட்டு இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கணினி அறிவியல் துறை 2013 முதல் 'கிரேட்' என்ற மென்பொருளை வைத்து பிஎச்டி விண்ணப்பங்களை வரிசைப்படுத்தியது. பழைய குழுக்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மென்பொருள் அது. பழைய குழுவுக்கு எந்தக் கல்லூரி பிடித்ததோ, அது இதற்கும் பிடிக்கும். விமர்சனங்களுக்குப் பிறகு 2020-ல் அதைக் கைவிட்டார்கள். அளவுகோலைச் சரிசெய்யாமல் வேகத்தை மட்டும் கூட்டினால், பழைய தவறு சீக்கிரமாக நடக்கும், அவ்வளவுதான்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் விண்ணப்பக் கட்டணம் ஒரு துறைக்கு 75 முதல் 125 டாலர் வரை சாதாரணம். பத்து விண்ணப்பம் போட்டால் ஆயிரத்தைத் தொடும். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அதே பருவத்தில் அடுத்தடுத்ததற்கு 30 யூரோவும் வாங்குகிறது. சான்றிதழ்களை ஒரே இடத்தில் ஒரே முறை காட்டினால் போதும் என்ற ஏற்பாடு நல்லது. கட்டண விலக்கு பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் பிடித்து, வறுமையை விளக்கிக் கடிதம் எழுத வேண்டும் என்பது அவமானம். விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும் என்று வைக்கலாம். அதிகாரபூர்வ மதிப்பெண் சான்றிதழையும் இடம் கிடைத்த பிறகு கேட்டால் போதுமே!

இப்போதைய மாணவர்கள் செய்கிற ஒரு வேலையை மனதாரப் பாராட்ட வேண்டும். எம்ஐடியின் மின்பொறியியல், கணினி அறிவியல் துறையிலும் ஸ்டான்ஃபோர்டின் கணினி அறிவியல் துறையிலும், பிஎச்டி மாணவர்களே விண்ணப்பதாரர்களின் எஸ்ஓபியைப் படித்துக் கருத்துச் சொல்லும் திட்டங்களை நடத்துகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கு, உள்ளே இருக்கும் ஒருவர் "இந்தப் பத்தியை மேலே கொண்டுவா" என்று சொல்வது பெரிய விஷயம். இன்னும் ஆழமான ஏற்பாடு, அமெரிக்காவின் ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-ல் தொடங்கிய பாலத் திட்டம். மாணவர் ஃபிஸ்கில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே வாண்டர்பில்ட் ஆய்வகங்களில் வேலை செய்து, பிறகு பிஎச்டிக்குப் போவார். ஒரு கோப்பை வைத்து யூகிப்பதை விட, இரண்டு ஆண்டு கூடவே வேலை செய்து பார்ப்பது எவ்வளவோ மேல். இதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும் என்பதால்தான் எல்லோரும் செய்வதில்லை.

குலுக்கல் முறை பற்றியும் கேட்கிறார்கள். நெதர்லாந்து மருத்துவப் படிப்புக்கு 1972-லிருந்து பல பத்தாண்டுகள் குலுக்கலைப் பயன்படுத்தியது. மதிப்பெண் கூடியவருக்கு வாய்ப்பு கூடும் வகையில் எடைபோட்ட குலுக்கல் அது. பிஎச்டிக்கு முழுக் குலுக்கல் சரிவராது, வழிகாட்டியும் மாணவரும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் கடைசி ஐந்து இடத்துக்குச் சமமான இருபது பேர் நிற்கும்போது, இல்லாத வித்தியாசத்தைக் கற்பித்துக்கொண்டு மணிக்கணக்கில் விவாதிப்பதை விட, சீட்டுப் போட்டு எடுப்பது நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும் வரை விண்ணப்பிப்பவர் என்ன செய்வது? துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: முடிவு யாருடையது, பேராசிரியருக்கு முன்பே எழுத வேண்டுமா, கட்டண விலக்கு எப்படிப் பெறுவது. இவற்றுக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை. கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பரிந்துரை எழுதுபவருக்கு உங்கள் புராஜெக்டில் நீங்கள் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் நினைவில் இல்லாதது கடிதத்தில் வராது.

இடம் கிடைத்த பிறகு வரும் நெருக்கடிக்கும் தயாராக இருங்கள். "மூன்று நாளில் பதில் சொல்லாவிட்டால் உதவித்தொகை வேறொருவருக்குப் போய்விடும்" என்று சில துறைகள் அவசரப்படுத்தும். அமெரிக்காவில் மேற்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் ஏப்ரல் 15 தீர்மானம் இதற்காகவே இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு இடம் தரும்போது, ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியல் அந்த அமைப்பின் தளத்தில் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால், தீர்மானத்தைக் குறிப்பிட்டு, அந்தத் தேதிக்குள் உறுதியாகப் பதில் தருவதாக இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். துறை அப்போதும் நெருக்கினால், நேராகப் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புப் புல (கிராஜுவேட் ஸ்கூல்) அலுவலகத்துக்கு எழுதுங்கள்.